வீட்டுக்குள் நாம் மூச்சுவிடும் காற்று: அடுக்களையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்லியின் காற்றைப் பற்றித் தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போதெல்லாம் குமரி மாவட்டத்து வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: "நமக்கு அந்தக் கவலை இல்ல, நம்ம ஊர்க் காத்து நல்ல காத்து." இதில் பாதி உண்மைதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் ஆளையே தள்ளும் காற்று என்று அமைந்த ஊரில், வெளிக்காற்று பெருநகரக் காற்றைப் போல் தேங்கி நிற்பதில்லை. ஆனால் சமைப்பது, உண்பது, படிப்பது, உறங்குவது என்று நாளின் பெரும்பகுதி கூரைக்குக் கீழே கழிகிறது. ஒருவர் ஒரு நாளில் இழுத்துவிடும் 10,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்றில் பெரும்பங்கு வீட்டுக்குள் இருக்கும் காற்றுதான். அது வெளிக்காற்றின் நகல் அல்ல.

இதை நான் தெரிந்துகொண்டது என் பாட்டியிடமிருந்து. குலசேகரம் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. பால் உறைந்து, மெஷினில் அடித்து வந்த ஷீட்டுகளை விறகடுப்பின் மேலே மூங்கில் கட்டித் தொங்கவிடுவோம். அடுப்புப் புகை அவற்றை உலர்த்தி, தேன் நிறத்துக்குக் கொண்டுவரும். பாட்டி பீடியையோ சுருட்டையோ கையால் தொட்டதில்லை. அறுபது வயதைத் தாண்டியபின் பத்துப் படி ஏறினால் மூச்சு இழுக்கத் தொடங்கியது. பரிசோதித்த மருத்துவர், "புகை பிடிப்பீர்களா?" என்று கேட்கவில்லை. "எத்தனை வருசம் விறகடுப்பில் சமைச்சீங்க?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள முயன்றதன் விளைவே இந்தக் கட்டுரை.

குளமும் மடையும்

ஒரு குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. கால்வாயில் எவ்வளவு வருகிறது, மடை வழியாக எவ்வளவு வெளியேறுகிறது, அடியில் எவ்வளவு சேறு கிடக்கிறது என்பவை எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அறைக்குள் இருக்கும் காற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். அடுப்பு, கொசுவர்த்தி, புதுப் பெயின்ட், மனித மூச்சு ஆகியவை வரும் கால்வாய்கள். ஜன்னல், கதவு, ஓட்டிடுக்கு ஆகியவை மடைகள். சுவர், திரைச்சீலை, மெத்தை ஆகியவை அடியில் கிடக்கும் சேறு. இந்தச் சேற்றின் கதை பின்னால் வரும்.

மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்க ஒரு சொல் உண்டு: காற்று மாற்று வீதம். அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உள்ளே வருகிறது என்பதே அதன் பொருள். மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் 36 கன மீட்டர் வெளிக்காற்று வந்தால் வீதம் 1. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் பழைய காற்று முழுவதும் போய்விடும் என்று தோன்றும். அது நடப்பதில்லை. மஞ்சள் கரைத்த குடத்தில் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் மஞ்சளும் தண்ணீரும் கலந்து கலந்துதான் வழியும். காற்றும் அப்படியே கலந்து வெளியேறுகிறது. முதல் மணி நேரத்தின் முடிவில் பழைய காற்றில் 37 சதவீதம் மிச்சமிருக்கும், இரண்டாவது மணி முடிவில் 14 சதவீதம், மூன்றாவது மணி முடிவில் 5 சதவீதம்.

பழைய ஓட்டு வீடுகளில் இந்த வீதம் தானாகவே அதிகமாக இருந்தது. ஓடுகளுக்கிடையிலும், சுவர் உச்சிக்கும் கூரைக்கும் நடுவிலும் காற்று புகுந்து புறப்படும். கான்கிரீட் கூரையும் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி ஜன்னலும் வந்தபின் அந்த இடுக்குகள் அடைபட்டன. மழைக்கும் கொசுவுக்கும் பயந்து மாலை ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்துகிறோம். வீடு உறுதியாகிவிட்டது, மடை மட்டும் அடைபட்டுவிட்டது.

பூட்டிய அறையில் தலை கனக்கும்போது "ஆக்சிஜன் குறைஞ்சு போச்சு" என்கிறோம். இது தவறு. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 40,000 பங்கு. மூன்று பேர் கதவைச் சாத்தி உறங்கும் அறையில் அது 2,000 பங்கைத் தாண்டுவது எளிது. அப்போதும் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 0.2 சதவீதம்தான் குறைந்திருக்கும். அதை உடல் உணர்வதே இல்லை. மூச்சால் வந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது என்றால், மூச்சோடும் உடலோடும் வந்த மற்றவையும் தேங்கியிருக்கின்றன என்று பொருள். 1858-இல் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், காற்றோட்டம் போதுமா என்பதைக் காட்டும் அடையாளமாகப் பத்து லட்சத்தில் 1,000 பங்கு என்ற எல்லையைச் சொன்னார். இன்றும் பலர் அதையே தோராய அளவாகக் கொள்கிறார்கள்.

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிட வேண்டும். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிர்வித்து, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. அதன் வலை பெரிய தூசியைப் பிடிக்கும். வாயுவையோ நுண்துகளையோ பிடிக்காது. "ஏசி ரூம் சுத்தமான ரூம்" என்ற எண்ணத்தில் கைக்குழந்தையை நாள் முழுக்க அடைத்த அறையில் வைத்திருக்கும் தாய்மார்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் தெரிவது

பழைய அடுக்களைகளில் கூரையின் நடுவே ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். காலை ஒன்பது மணியளவில் அதன் வழியாக ஒரு வெளிச்சக் கம்பம் சாய்வாக இறங்கும். சிரட்டையும் கொதும்பும் எரியும் அடுப்பிலிருந்து எழும் புகை அந்தக் கம்பத்தைக் கடக்கும்போது இரண்டு விதமான பொருள்கள் தெரியும். ஒன்று, தனித்தனியாக மின்னி மிதக்கும் தூசி. மற்றொன்று, தனித்தனியாகத் தெரியாமல் இளநீலப் படலமாக அலையும் ஏதோ ஒன்று. சிறு வயதில் நான் வாய் திறந்து பிடிக்க முயன்றது மின்னும் தூசியை. உடலுக்குப் பெரிய கேடு அந்த நீலப் படலத்தில்தான் இருந்தது.

தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விட்டம் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்களுக்கு நுண்துகள், சுருக்கமாகப் பி.எம்.2.5, என்று பெயர். பெரிய தூசியை மூக்கு மயிரும் சளியும் தடுத்துவிடும். நுண்துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை செல்லும். நீல நிறத்துக்கும் காரணம் அதன் சிறுமைதான்: மிகச் சிறிய துகள்கள் வெளிச்சத்தில் நீலத்தையே அதிகமாகச் சிதறடிக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டரில் 5 மைக்ரோகிராமையும், ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. வெளிக்காற்றுக்காக 2009-இல் வகுக்கப்பட்ட இந்தியத் தரநிலை முறையே 40, 60 என்கிறது. காற்றோட்டம் இல்லாத விறகடுப்பு அடுக்களையில் சமைக்கும் நேரத்து அளவு பல நூறு மைக்ரோகிராம், சில வேளை ஆயிரத்துக்கும் மேல். வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகளாக அளந்துவருபவர் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன். அவரும் பங்கெடுத்த ஹேப்பின் என்ற பன்னாட்டு ஆய்வில், விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிக் கர்ப்பிணிகளும் சேர்க்கப்பட்டனர். நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 பெண்களில் ஒரு பாதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. விறகிலேயே தொடர்ந்தவர்கள் சுவாசித்த நுண்துகளின் நடு அளவு ஏறத்தாழ 70 மைக்ரோகிராமாக இருக்க, எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு அது 24-ஆகக் குறைந்தது. இத்தனைக்குப் பிறகும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று 2022-இல் வெளிவந்த முடிவு சொன்னது. ஒரு காரணத்தை நீக்கியதும் எல்லா நோயும் விலகிவிடும் என்று எதிர்பார்ப்போருக்கு இந்த முடிவு ஏமாற்றம் தரலாம். எனக்கு இது மதிப்பைத்தான் கூட்டியது, ஏனென்றால் எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் அதை அப்படியே சொல்வதுதான் ஆய்வு.

விறகு போய்விட்ட வீட்டிலும் புகை போய்விடவில்லை. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளியிடும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் எடைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. குழந்தைக்குக் கொசு கடிக்கக் கூடாது என்று கட்டிலுக்கடியில் சுருளை வைத்து ஜன்னலைச் சாத்தும் பழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு பரவலானது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. சாம்பிராணிக்கும் ஊதுபத்திக்கும் இதே விதிதான்; கோவிலிலும் தேவாலயத்திலும் எழும் நறும்புகையாக இருந்தாலும் நுரையீரல் அதை வெறும் புகையாகவே பெறுகிறது. எரிவாயு அடுப்பில் தேங்காய் எண்ணெய் புகையும்வரை காய்ந்து, மசாலா தடவிய மீன் விழும்போதும் நுண்துகள் எழுகிறது. அங்கே துகளுக்குக் காரணம் எரிபொருளை விட எண்ணெயும் உணவும்தான்.

இதுவரை பார்த்தது இரண்டு செய்திகள். காற்றில் ஒன்று எவ்வளவு சேரும் என்பது வரத்தையும் போக்கையும் பொறுத்தது. எரிவதும் பொரிவதும் எல்லாம் கண்ணுக்குத் தனியாகத் தெரியாத நுண்துகளைத் தருகின்றன.

பிச்சிப்பூவும் பிளைவுட்டும்

தோவாளைச் சந்தையில் வாங்கிய ஒரு முழம் பிச்சிப்பூவை மேசைமேல் வைத்தால் சிறிது நேரத்தில் அடுத்த அறையிலும் மணக்கும். பூ நகரவில்லை, பூவிலிருந்து ஆவியான மூலக்கூறுகள் நகர்ந்து வந்து மூக்கைத் தொட்டன. சாதாரண வெப்பத்திலேயே இப்படி ஆவியாகிக் காற்றில் கலக்கும் கரிமப் பொருள்களுக்கு எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று பெயர். இந்தக் கட்டுரையில் அவற்றை ஆவிச் சேர்மங்கள் என்றே சொல்கிறேன். பூமணம், பெயின்ட் வாசனை, பெட்ரோல் நெடி, புது அலமாரியின் காரம் எல்லாமே ஆவிச் சேர்மங்கள்தான். இயற்கையில் வந்தது நல்லது, ஆலையில் வந்தது கெட்டது என்று இவற்றைப் பிரிக்க முடியாது. எந்த மூலக்கூறு, எவ்வளவு, எத்தனை நேரம் என்பவையே கேள்விகள்.

இவற்றில் அறிந்திருக்க வேண்டியது ஃபார்மால்டிஹைடு. பிளைவுட்டையும் மரத்தூள் பலகையையும் ஒட்டும் பசையிலிருந்து இது மாதக்கணக்கில் கசிகிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் இந்தப் பொருளை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. புதுவீடு பால்காய்ச்சிய அன்றே குடியேறுவதை விட, மரவேலையும் பெயின்ட்டும் முடிந்தபின் சில வாரம் ஜன்னல்களைத் திறந்து போட்டுக் குடியேறுவது நல்லது.

மணமே இல்லாத ஆபத்தும் உண்டு. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ நெடியோ கிடையாது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வராந்தாவுக்குள் இழுத்து வைத்து ஓட்டிய வீடுகளை நான் பார்த்தேன். ஜெனரேட்டரையோ கரியடுப்பையோ கூரைக்குக் கீழே, சாத்திய இடத்தில் இயக்குவது உயிரோடு விளையாடுவதாகும். தலைவலி, குமட்டல், மயக்கம் மூன்றும் ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வர வேண்டும். காரணத்தைப் பிறகு தேடலாம்.

மீன்சட்டியின் நினைவாற்றல்

இப்போது சேற்றின் கதைக்கு வருவோம். மீன்குழம்பு வைத்த மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும், மறுநாள் அதில் வெறும் தண்ணீரைக் காய்ச்சினால் மீன்வாடை எழும். சட்டியின் நுண்துளைகள் மணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சூடானதும் திருப்பித் தருகின்றன. வீட்டின் சுவரும் துணியும் மெத்தையும் இதையேதான் செய்கின்றன. காற்றில் ஆவிச் சேர்மம் அதிகமாக இருக்கும்போது அவை உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் குறைந்ததும் வெளிவிடும்.

2018-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், ஒரு சோதனை வீட்டுக்குள் விஞ்ஞானிகள் பல வாரம் சமைத்தும் துடைத்தும் அளந்தும் பார்த்தனர். டெல்ஃபின் ஃபார்மர், மரீனா வான்ஸ் என்ற இருவர் தலைமையில் நடந்த அந்த ஆய்வுக்கு ஹோம்கெம் என்று பெயர். பெருவிருந்து சமைத்த நாளில் வீட்டுக்குள் இருந்த நுண்துகள், உலகின் மிக மாசடைந்த நகரங்களில் பதிவாகும் அளவை எட்டியது. இதை விட முக்கியமானது வேறொன்று. ஜன்னல்களைத் திறந்ததும் காற்றிலிருந்த ஆவிச் சேர்மங்கள் குறைந்தன. மூடியதும் பல சேர்மங்கள் மீண்டும் பழைய அளவை நோக்கி ஏறின. புதிதாக யாரும் எதையும் ஊற்றவில்லை. சுவரும் தரையும் தம்மிடம் இருந்ததைத் திருப்பித் தந்தன. பல சேர்மங்களுக்குக் காற்றில் இருப்பதை விட வீட்டின் பரப்புகளில் இருப்பதே அதிகம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிட்டு "காத்து மாறியாச்சு" என்று மூடுவது ஏன் போதாது என்பதற்கு இதுவே விடை.

புகையிலைக்கும் இது பொருந்தும். வேறு யாரும் இல்லாத நேரத்தில் அறையில் ஒருவர் பிடித்த சிகரெட்டின் நிகோட்டின் சுவரில் படிகிறது. எரிவாயுச் சுடரிலிருந்து வரும் நைட்ரஸ் அமிலம் அந்தப் படிவோடு வினைபுரிந்து, புற்றுநோயோடு தொடர்புடைய நைட்ரோசமீன்களை உண்டாக்குகிறது என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. பிடித்தவர் எழுந்து போய்விட்டார், வினை அங்கேயே நடந்துகொண்டிருக்கிறது. சுவரில் கைவைத்துத் தவழும் குழந்தைக்கு அதனால்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

ஓசோன் எலுமிச்சை மணத்தோடு சேரும்போது

உள்ளே வந்தவை தம்முள் வினைபுரிந்து வேறு பொருள்களாக மாறுவதையே உள்ளகக் காற்று வேதியியல் என்கிறார்கள். இதன் மைய ஆள் ஓசோன். வானில் மிக உயரத்தில் இருந்து புறஊதாக் கதிரைத் தடுக்கும் அதே வாயு, தரைமட்டத்தில் நுரையீரலை எரிக்கிறது. வெயிலும் வாகனப் புகையும் சேர்ந்து வெளியில் உண்டாகும் ஓசோன் ஜன்னல் வழியே வருகிறது. ஜெராக்ஸ் இயந்திரமும், "அயனி வெளியிடும்" என்று விற்கப்படும் சில காற்றுச் சுத்திகரிப்பான்களும் அதை உள்ளேயே உண்டாக்குகின்றன.

இப்போது தரையை எலுமிச்சை மணத் திரவத்தால் துடைக்கிறோம் என்று கொள்வோம். அந்த மணத்தைத் தருவது பெரும்பாலும் லிமோனீன் என்ற ஆவிச் சேர்மம். ஆரஞ்சுத் தோலிலும் இதுவே உள்ளது. லிமோனீன் மூலக்கூறில் இரண்டு இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஓசோன் போய்த் தாக்குவது அந்த இடங்களைத்தான். மூலக்கூறு உடைந்து, ஒரு பகுதி ஃபார்மால்டிஹைடாக மாறுகிறது. மற்றப் பகுதிகள் ஆக்சிஜன் ஏறிக் கனத்து, வாயுவாக நிற்க முடியாமல் ஒன்றோடொன்று ஒட்டி, புதிய நுண்துகள்களாகின்றன. எதுவும் எரியவில்லை, புகையும் இல்லை. ஆனால் துகள் பிறந்துவிட்டது. சுத்தம் செய்த வீட்டில் தும்மலும் கண் எரிச்சலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மணம் கமழும் வீடு சுத்தமான வீடு என்று நாம் மூக்கை நம்பித் தீர்ப்புச் சொல்கிறோம். அந்த மணமே அங்கே வேதிவினையின் மூலப்பொருளாக இருக்கிறது.

நம் உடலும் இதில் சேர்கிறது. தோலின் எண்ணெய்ப்பசையில் ஸ்குவாலீன் என்ற பொருள் உண்டு. அதில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். ஆள் நிறைந்த அறையில் ஓசோன் விரைவாகக் குறைவது, தோலும் உடுத்த துணியும் அதைத் தின்றுவிடுவதால்தான். 2022-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்தோரும் மற்றவர்களும், டென்மார்க்கில் ஓர் எஃகு அறையில் மனிதரை உட்காரவைத்துச் செய்த சோதனையில், இந்த வினையிலிருந்து ஹைட்ராக்சில் என்ற மிகத் துடிப்பான மூலக்கூறுத் துண்டு பிறந்து, ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு வினைமண்டலம் உண்டாவதைக் கண்டனர். இதனால் நேர்வது எல்லாம் தீமை என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு அறையில் ஆள் வந்து அமர்ந்ததுமே அங்குள்ள காற்றின் வேதியியல் மாறிவிடுகிறது என்பது உறுதி.

மெதுவாக நடக்கும் வினைகளைப் பற்றிப் பேசிவிட்டு, நொடியில் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் மைனி ஒருமுறை குளியலறைக் கறைக்கு ஆசிட் ஊற்றினார். கறை போகவில்லை என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவிக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தார். சில நொடிகளில் இளம்பச்சை கலந்த மஞ்சள் நெடி எழுந்தது. இருமி இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் இரண்டு நாள் நெஞ்செரிச்சலோடு கிடந்தார். அது குளோரின் வாயு. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் அது வந்தே தீரும். பிளீச்சிங்கோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமீன் வரும். அதுவும் நுரையீரலைத் தாக்கும். இரண்டு திரவம் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்ற கணக்கு இங்கே உயிருக்கே ஆபத்து.

சுருங்கச் சொன்னால், வீட்டுக்குள் விட்டது மட்டும் நம் மூச்சில் வருவதில்லை. விட்டவை ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கியவையும், சுவர் சேமித்துத் திருப்பித் தந்தவையும் வருகின்றன.

உடலுக்குள்

காற்றறையில் படிந்த நுண்துகளை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. அந்தப் போராட்டத்தில் திசு வீங்குகிறது. இதற்கு அழற்சி என்று பெயர். எப்போதாவது நேர்ந்தால் ஆறிவிடும். நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் மூன்று வேளை நேர்ந்தால் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்து, காற்றறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று முழுமையாக வெளியே வர முடியாமல் போகும். இதுவே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பாட்டிக்கு இருந்தது இதுதான். அழற்சியின் விளைவு நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தின் வழியே பரவி, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று பட்டியல் நீளும். பீடி குடிக்காத பெண்ணுக்கு இழுப்பு வந்தால் "வயசாச்சு, குளிர்ச்சி ஒத்துக்கல" என்று தள்ளிவிடுகிறோமே, அந்தப் பேச்சு நிற்க வேண்டும் என்பதே எனக்கு இந்தக் கட்டுரையில் முதன்மையானது.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு பொருள் ஈரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. மழைநாளில் துணியை அறைக்குள் காயப்போடுகிறோம். அதிலிருந்து போகும் தண்ணீர் முழுவதும் காற்றிலும் சுவரிலும்தான் சேரும். பீரோவின் பின்சுவர் பூத்துப்போவது அதனால்தான். பூஞ்சை வித்துகளும், ஈரத்தில் பெருகும் தூசிப்பூச்சியின் கழிவும் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே தொல்லை குறையும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கதிரியக்கம் உண்டு என்ற பேச்சும் காற்றோடு குழப்பிக்கொள்ளப்படுவதால் ஒரு சொல். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. தோரியச் சிதைவில் தோரான் என்ற கதிரியக்க வாயு பிறக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எனவே மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் அது வெகுதூரம் போக முடியாது. யுரேனியச் சிதைவில் வரும் ரேடான் என்ற வாயுவுக்கு அரை ஆயுள் 3.8 நாள், ஆகவே அது அறை முழுதும் பரவும். கடற்கரையில் நடப்பதும், பூட்டிய வீட்டில் தேங்கிய வாயுவை மூச்சில் இழுப்பதும் வெவ்வேறு. இரண்டாவதற்கு மாற்று, தரை வெடிப்புகளைப் பூசுவதும் காற்றோட்டமும்தான்.

எங்கே கை வைப்பது

மணிபிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கை, 1989-இல் சிறிய மூடிய பெட்டிகளில் நாசா செய்த சோதனையிலிருந்து பரவியது. வீடு மூடிய பெட்டியல்ல. ஜன்னல் வழியே சாதாரணமாக வரும் காற்றுக்கு ஈடாகச் செடிகளால் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை தேவைப்படும் என்று 2019-இல் வந்த மறுஆய்வு கணக்கிட்டது. செடி அழகுக்கு இருக்கட்டும்.

குளத்தின் கணக்குப்படி, மடையை அகலப்படுத்துவதை விடக் கால்வாயை அடைப்பது எளிது. கொசுவர்த்திக்குப் பதில் ஜன்னல் வலையும் கொசுவலையும், மணத் திரவத்துக்குப் பதில் மணமற்ற சோப்புத் தண்ணீர், அறைக்குள் சிகரெட்டுக்கு அடியோடு தடை. விறகை விட முடியாத வீட்டில், உலர்ந்த விறகும் புகைபோக்கியும், ரப்பர் ஷீட்டுக்குத் தனிப் புகைப்புரையும். ஷீட்டுக்குப் புகை வேண்டும், சமைப்பவருக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்ததுதான் எங்கள் வீட்டில் நேர்ந்த பிழை.

அடைக்க முடியாதவற்றுக்கு மடை வேண்டும். காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக எதிர்ப்பக்கத்தில் ஒரு வழியும் இருந்தால்தான் அது ஓடும். என் தங்கை வீட்டு அடுக்களையில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டும் மீன் பொரித்த நெடி கூடத்தில் நின்றது. ஃபேன் பழுது என்று கழற்றப் போனார்கள். நான் ஒரு பஞ்சுநூலை ஃபேனுக்குப் பக்கத்திலிருந்த ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தேன். நூல் ஜன்னலிலிருந்து நேராக ஃபேனை நோக்கிப் படுத்துக்கொண்டது. பக்கத்து ஜன்னல் வழியே வந்த வெளிக்காற்றையே ஃபேன் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அடுப்புப் பக்கத்துக் காற்று அசையவே இல்லை. அந்த ஜன்னலைச் சாத்தி, அடுப்புக்கு எதிரே இருந்த புறவாசல் கதவைத் திறந்தோம். நூலை அடுப்பின் மேலே பிடித்தபோது அது ஃபேன் பக்கம் சாய்ந்தது. வாணலியிலிருந்து எழுந்த இளநீலப் புகையும் அதே திசையில் சாய்ந்து, கூடத்துக்கு வராமல் வெளியே போனது.